கடலுக்கு வாதாடிய குரோஷியஸ்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நிலத்துக்குப் பட்டா உண்டு; வயலுக்கு வரப்பு உண்டு; வீட்டுக்குச் சுவர் உண்டு. கடலுக்கு என்ன உண்டு? கரையில் நின்று பார்ப்பவனுக்கு அடிவானம் வரை ஒரே நீர்ப்பரப்புதான். ஆயினும் அந்நீர்ப்பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் பல இன்று வரையப்பட்டுள்ளன. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை கரையோர நாட்டின் ஆட்சி. 200 கடல் மைல் வரை மீன்வளமும் கடலடி வளமும் அந்நாட்டுக்கே உரியவை. அதற்கும் அப்பாற்பட்ட பெருங்கடல் உலகோர் அனைவருக்கும் பொது.

இக்கோடுகள் பற்றிய வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழக்கில் ஒரு பக்கம் நின்று, கடல் எவருக்கும் சொந்தமாகாது என்று ஒரு சிறு நூல் எழுதினார் ஓர் இளைஞர். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. இக்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் அண்ணன்மாருக்கு ஏறத்தாழ அந்த வயதுதான் இருக்கும். அவர் பெயர் ஹூகோ குரோஷியஸ். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று அரசியல் பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. அந்தப் புகழுரைக்குப் பின்னால் உள்ள மனிதரின் கதை பாடநூல்களில் முழுமையாக வருவதில்லை.

தந்தையும் மகனும்

இயற்பியல் மாணவனாகிய எனக்கு மகனுக்கு முன் தந்தைதான் அறிமுகமானார். கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்றவுடன் நமக்குப் பைசா கோபுரமும் கலிலியோவும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 1586-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் இந்தச் சோதனை நடந்துவிட்டது. சைமன் ஸ்டீவின் என்ற அறிஞரும் அவருடைய நண்பர் ஒருவரும், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து கீழே ஒரு பலகையின் மேல் போட்டார்கள். இரண்டும் விழுந்த ஓசை ஒரே ஓசையாகக் கேட்டது. அந்த நண்பர்தான் ஜான் டி குரூட். டெல்ஃப்ட் நகரின் மேயராக இருந்தவர். அவருடைய மகன் ஹூகோவுக்கு அப்போது மூன்று வயது.

ஹூகோ 1583 ஏப்ரல் 10-ஆம் நாள் ஈஸ்டர் திருநாளில் பிறந்தார். குரோஷியஸ் என்பது குரூட் என்ற குடும்பப் பெயரின் இலத்தீன் வடிவம். எட்டு வயதில் இலத்தீனில் செய்யுள் இயற்றினார். 11 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தந்தை அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் இருந்தவர். வீடு நிறையப் புத்தகங்கள். விருந்தினராக வருவோரெல்லாம் அறிஞர்கள். என்னைப் போல், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இது சற்றுப் பொறாமையைக்கூட உண்டாக்கலாம். ஆனால் வாய்ப்பு அமைந்தோர் எல்லோரும் குரோஷியஸ் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1598-இல் ஹாலந்தின் தலைமை அரசியல்வாதியான ஓல்டன்பார்னவெல்ட், பிரான்சுக்குத் தூது சென்றபோது 15 வயது குரோஷியஸையும் உடன் அழைத்துச் சென்றார். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி இச்சிறுவனின் அறிவைக் கண்டு வியந்து பாராட்டினாராம். ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். மறு ஆண்டு, தந்தையின் நண்பரான ஸ்டீவின் எழுதிய ஒரு நூலை இலத்தீனில் மொழிபெயர்த்தார். திசைகாட்டியின் முள் சரியான வடக்கிலிருந்து இடத்துக்கு இடம் விலகி நிற்கும் அன்றோ? அந்த விலக்கத்தின் அளவைக் கொண்டு நடுக்கடலில் கப்பல் தன் இடத்தை அறிந்து துறைமுகம் சேர்வது எப்படி என்பதுதான் அந்நூலின் பொருள். கடலோடு அவருக்கு ஏற்பட்ட முதல் எழுத்துறவு இது. அதே ஆண்டில் ஹேக் நகரில் வழக்கறிஞராகவும் பதிவு செய்துகொண்டார். வயது 16.

சாண்டா கேத்தரினா

இங்கே கிழக்குக் கடலின் அன்றைய நிலையைச் சற்று விளக்க வேண்டும். 1494-இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் டோர்டெசில்லாஸ் என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அட்லாண்டிக் கடலில் வடக்குத் தெற்காக ஒரு கோட்டைக் கிழித்து, மேற்கே கண்டுபிடிக்கப்படுவன ஸ்பெயினுக்கு, கிழக்கே கண்டுபிடிக்கப்படுவன போர்த்துக்கலுக்கு என்று உலகத்தையே பங்கிட்டுக்கொண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாண்டரும் இத்தகைய ஒரு கோட்டை வகுத்து ஆணை வெளியிட்டிருந்தார். பங்கு போடப்பட்ட நாடுகளின் மக்களை எவரும் கேட்கவில்லை. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலைத் தம் வீட்டுக் குளமாகவே கருதினர். கர்த்தாஸ் எனப்பட்ட அவர்களுடைய அனுமதிச்சீட்டு இல்லாமல் சென்ற வணிகக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையிட்டனர். தலைமுறை தலைமுறையாக அக்கடலில் சென்றுவந்த அராபியரும் குஜராத்தியரும் தமிழரும், தம் சொந்தக் கடலில் செல்வதற்கு அயலானிடம் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.

1580-இல் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குக் கீழ் வந்தது. ஸ்பெயினை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த டச்சுக்காரர்களுக்கு, அதாவது நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்தவர்களுக்கு, போர்த்துக்கீசியரும் அதனால் பகைவராயினர். 1602-இல் டச்சு வணிகர்கள் ஒன்றுகூடிக் கிழக்கிந்தியக் கம்பெனியை அமைத்தனர். அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள் வி.ஓ.சி. என்பன. ஆங்கிலேயரின் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட நம் வ.உ.சி.யின் பெயரெழுத்துகளும் அவையே! வரலாறு சில சமயம் இப்படி விளையாடுகிறது.

1603 பிப்ரவரி 25. இன்றைய சிங்கப்பூருக்குக் கிழக்கே, ஜோகூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே சாண்டா கேத்தரினா என்ற போர்த்துக்கீசியப் பெருங்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. டச்சுக் கப்பல் தலைவர் ஹீம்ஸ்கெர்க், ஜோகூர் அரசின் துணையோடு அதைத் தாக்கிப் பிடித்தார். சீனப் பட்டும் பீங்கானும் அக்கப்பலில் குவிந்து கிடந்தன. ஆம்ஸ்டர்டாமில் அவை ஏலம் விடப்பட்டபோது முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் கிடைத்தது. ஐரோப்பாவே வாய் பிளந்தது.

1604-இல் ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம் அப்பொருள் கம்பெனிக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் பங்குதாரர்களிலேயே சிலர் முகம் சுளித்தனர். வன்முறையை மறுக்கும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள், கொள்ளையில் வந்த இலாபம் தங்களுக்கு வேண்டாம் என்றனர். அவர்கள் வாயை அடைக்கவும், உலகத்தின் முன் தன் செயலை நியாயப்படுத்தவும் கம்பெனிக்கு ஒரு பேனா தேவைப்பட்டது. குரோஷியஸை அழைத்தார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தை நாம் விரைந்து கடந்துவிடக் கூடாது. கடலின் சுதந்தரத்தை உலகுக்கு அறிவித்த நூல், ஒரு கப்பல் கொள்ளைக்கு நியாயம் தேடப் புறப்பட்ட வாதத்திலிருந்து பிறந்தது. அவர் தாமாக ஒரு தத்துவத்தைத் தேடிப் போகவில்லை. ஒரு கட்சிக்காரரின் வழக்கு அவரிடம் வந்தது.

வாதம் என்ன?

இரண்டாண்டுகள் உழைத்து, கைப்பற்றும் உரிமை பற்றி ஒரு பெருநூலை எழுதினார். ஆனால் அது அப்போது அச்சேறவில்லை. 1608-இல் ஸ்பெயினுடன் போர்நிறுத்தப் பேச்சு நடந்தபோது, டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்று ஸ்பெயின் வற்புறுத்தியது. கம்பெனி பதறியது. பெருநூலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் திருத்தித் தரும்படி குரோஷியஸைக் கேட்டது. 1609-இல் லைடன் நகரில் அது ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளியாயிற்று. மாரே லிபெரும் என்பது நூலின் பெயர். சுதந்தரமான கடல் என்று பொருள்.

அதன் வாதங்களை எளிய தமிழில் இவ்வாறு சொல்லலாம். ஒரு நாட்டைக் கண்டுபிடித்தோம் என்று உரிமை கொண்டாடுவதற்கு, அந்நாடு எவருக்கும் உரிமையில்லாததாக இருந்திருக்க வேண்டும். ஜாவாவிலும் மொலுக்கஸ் தீவுகளிலும் மன்னர்கள் இருக்கிறார்கள், சட்டங்கள் இருக்கின்றன. அவற்றைப் போர்த்துக்கீசியர் கண்டுபிடித்ததாகச் சொல்வது பொருந்தாது. அம்மக்கள் கிறித்துவர் அல்லர் என்பதால் அவர்கள் உடைமை அவர்களுக்கு இல்லையென்று ஆகிவிடாது. தமக்குச் சொந்தமல்லாததைப் போப்பாண்டவர் தானம் செய்யவும் முடியாது. ஸ்பெயின் நாட்டின் சமய அறிஞராகிய விட்டோரியாவின் கருத்துகளையே எடுத்து ஸ்பெயினுக்கு எதிராக அவர் வீசியது வழக்கறிஞர் சாமர்த்தியம்.

அடுத்து கடல். ஒரு பொருளைச் சொந்தமாக்க வேண்டுமானால் அதைக் கைக்கொள்ள வேண்டும். எல்லை வகுக்க வேண்டும். காற்றைப் போலக் கடலையும் கைக்கொள்ள முடியாது. கப்பல் போன தடம் சற்று நேரத்தில் அழிந்துவிடுகிறது. தடமே நில்லாத இடத்தில் உரிமை எப்படி நிற்கும்? மேலும் ஒருவர் கப்பல் செலுத்துவதால் அடுத்தவருக்குக் கடல் குறைந்துபோவதில்லை. ஆகவே அது இயற்கையால் அனைவருக்கும் பொதுவாயிற்று. வணிகமும் அவ்வாறே. எவ்வளவு காலம் தடுத்து வைத்திருந்தாலும் அத்தடை உரிமையாகிவிடாது.

படிக்கும்போது மனம் நிமிர்கிறது. ஐரோப்பியர் ஒருவர், கிழக்கு நாட்டு மன்னர்களின் உரிமை ஐரோப்பிய மன்னர்களின் உரிமைக்குத் தாழ்ந்ததன்று என்று 1609-இல் அச்சிட்டுச் சொன்னது சிறிய செய்தியன்று.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் வெல்வட். கப்பல் செலுத்துவதால் கடல் குறையாது, சரி. மீன் பிடித்தால் மீன் குறையாதா என்று 1613-இல் அவர் கேட்டார். டச்சு ஹெர்ரிங் மீன்பிடிக் கப்பல்கள் ஆண்டுதோறும் வந்து அள்ளிச் செல்வதால் ஸ்காட்லாந்துக் கரையில் மீன் அருகிவிட்டது என்பது அவர் வழக்கு. 1609-இலேயே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், அயல்நாட்டார் தம் கரையோரம் மீன் பிடிக்க உரிமம் பெற வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். வெல்வட்டுக்குக் குரோஷியஸ் மறுப்பு எழுதினார். ஆனால் தம் வாழ்நாளில் அதை வெளியிடவில்லை.

என் தந்தை நாட்டுப்படகில் வலை தொழில் செய்பவர். வெல்வட்டின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க முடியாது. ஆனால் வெல்வட்டின் வாதத்தை அவர் தினமும் சொல்கிறார். விசைப்படகு கரையோரம் இழுத்துவிட்டுப் போன மறுநாள் எங்கள் வலையில் என்ன விழும் என்பது கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று விலக்கி வைத்தது இந்த வழக்கினால்தான். கடல் எல்லோருக்கும் பொது என்றால், பெரிய கப்பல் வைத்திருப்பவனுக்கே அதிகப் பொது என்றாகிவிடுகிறது. குரோஷியஸின் வாதத்தில் நான் குறையாகக் காண்பது இதுதான்.

தன் வாளே தன்மேல்

இதற்கிடையில் குரோஷியஸ் வேகமாக உயர்ந்தார். 1607-இல் அரசு வழக்கறிஞர்; 1608-இல் மரியா ஃபான் ரைகர்ஸ்பெர்க் என்ற மங்கையுடன் திருமணம்; 1613-இல் ராட்டர்டாம் நகரின் தலைமைச் சட்ட அதிகாரி. அதே 1613-இல் ஒரு தூதுக்குழுவுடன் இலண்டன் சென்றார். அங்கேதான் அவருக்குச் சோதனை காத்திருந்தது.

மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் பாண்டாத் தீவுகளில் ஜாதிக்காயும் டச்சுக் கம்பெனியின் பிடிக்குள் வந்துகொண்டிருந்தன. ஆங்கிலேயக் கம்பெனி அங்கே போனால் டச்சுக்காரர் தடுத்தனர். ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? மாரே லிபெரும் நூலை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். கடல் பொது, வணிகம் பொது என்று உங்கள் நாட்டு நூலே சொல்கிறதே, எங்களை ஏன் தடுக்கிறீர்கள் என்றார்கள்.

அந்நூலை எழுதியவரே எதிரே அமர்ந்திருந்தார்! அவர் என்ன விடை சொன்னார்? அத்தீவு மக்கள் தம் விளைபொருளை எங்களுக்கே தருவதாக ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். ஒப்பந்தம் காக்கப்பட வேண்டும். போர்த்துக்கீசியரை விரட்டப் பெரும்பொருள் செலவிட்டவர்கள் நாங்கள் என்றார். சட்ட நுணுக்கத்தின்படி இது முன் சொன்னதற்கு நேர்முரண் ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. பீரங்கி முனையில் எழுதி வாங்கிய ஒப்பந்தத்துக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வியை அவர்கள் தொடுவதில்லை. போர்த்துக்கீசியர் வாயில் இருந்தபோது அநியாயமாகத் தோன்றிய ஏகபோகம், தம் கட்சிக்காரர் கைக்கு வந்ததும் நியாயமாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வாதத்தின் மறுபக்கத்தை நம் சோழமண்டலக் கரையும் கண்டது. நூல் வெளியான மறு ஆண்டு, 1610-இல், டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தபின் 1613-இல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டை எழுந்தது. அக்கால டச்சுக் கல்லறைகளை இன்றும் பழவேற்காட்டில் காணலாம். 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. போர்த்துக்கீசியர் போனார்களே தவிர அனுமதிச்சீட்டு போகவில்லை. அதே சீட்டை இப்போது டச்சுக்காரர் கொடுத்தனர்.

புத்தகப் பெட்டி

ஹாலந்தில் அந்நாளில் ஒரு சமயச் சண்டை மூண்டது. மனிதனின் மீட்பு முழுவதும் இறைவனால் முன்கூட்டியே விதிக்கப்பட்டதா, மனிதனின் விருப்பத்துக்கும் அதில் இடம் உண்டா என்பது கேள்வி. கேள்வி சமயத்துறையைச் சேர்ந்தது. சண்டை அரசியலைச் சேர்ந்தது. ஓல்டன்பார்னவெல்டும் குரோஷியஸும் விருப்பத்துக்கு இடம் உண்டு என்ற மென்மைப் பிரிவினருக்குப் பொறுதி காட்ட வேண்டும் என்றனர். படைத்தலைவரான இளவரசர் மாரிட்ஸ் எதிர்ப்பக்கம் நின்றார். 1618 ஆகஸ்ட் 29-இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறு ஆண்டு மே 13-இல் 71 வயதான ஓல்டன்பார்னவெல்டின் தலை வெட்டப்பட்டது. குரோஷியஸுக்கு ஆயுள் சிறை, சொத்துப் பறிமுதல். அவரை லூவஸ்டைன் கோட்டையில் அடைத்தனர். சுற்றிலும் ஆறும் அகழியும். கடலுக்குப் பூட்டு இல்லை என்றவரைப் பூட்டி வைத்தார்கள்.

மனைவி மரியா தம் விருப்பத்தோடு அவருடன் அக்கோட்டையிலேயே தங்கினார். படிக்க மட்டும் தடை இல்லை. அருகிலிருந்த கோரிங்கம் ஊரின் நண்பர்களிடமிருந்து ஒரு பெரிய பெட்டியில் புத்தகங்கள் வரும். படித்தவை அதே பெட்டியில் திரும்பிப் போகும். சிறையில் ஹாலந்து நாட்டுச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். கடற்பயணத்தில் பிற சமயத்தாரைச் சந்திக்கும் மாலுமிகளுக்காகக் கிறித்துவ சமயம் பற்றிச் செய்யுள் நூல் ஒன்றும் இயற்றினார்.

முதலில் காவலர்கள் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். மாதங்கள் கடந்தன. எப்போதும் புத்தகமும் துணியும்தானே என்று அலுத்துப்போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இதைக் கவனித்தவர் குரோஷியஸ் அல்லர், மரியாதான். திட்டம் தீட்டியதும் அவரே. அப்பெட்டி ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கப் போதாதது. உடலைச் சுருக்கி அதனுள் அசையாமல் கிடக்கக் கணவருக்குப் பழக்கம் கொடுத்தார். கோட்டைத் தலைவர் வெளியூர் சென்ற ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். 1621 மார்ச் 22. பெட்டி பூட்டப்பட்டது. தூக்கிய சிப்பாய்கள் என்றுமில்லாத கனமாக இருக்கிறதே என்று முணுமுணுத்தார்களாம். மரியா சிறையறையிலேயே தங்கிவிட, எல்சியா ஃபான் ஹவ்வனிங் என்ற இளம் பணிப்பெண் பெட்டியுடன் படகேறினாள். அலையில் பெட்டி உருண்டுவிடாமல் கயிற்றால் கட்டச் செய்து, முகத்தில் எதையும் காட்டாமல் கோரிங்கம் வரை கொண்டு சேர்த்தாள். அங்கே வெளியே வந்த குரோஷியஸ் கொத்தனார் வேடம் பூண்டு ஆண்ட்வெர்ப் வழியாகப் பாரிஸ் சேர்ந்தார். மரியாவைச் சில நாள் அடைத்து வைத்துப் பின் விட்டுவிட்டார்கள்.

வரலாற்று நூல்கள் குரோஷியஸ் தப்பினார் என்றே எழுதுகின்றன. தப்புவித்தவர்கள் இரண்டு பெண்கள் என்று எழுதுவதே முறை. அந்த எல்சியா பின்னாளில் குரோஷியஸின் பணியாள் ஒருவரை மணந்தாள். சிறையில் ஓய்வு நேரங்களில் அப்பணியாளுக்குக் குரோஷியஸ் சட்டம் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் பிறகு ஹாலந்து நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவே ஆனார். குரோஷியஸின் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அதே 1621-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அவர் யாருக்காக வாதாடினாரோ அந்தக் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது? ஜாதிக்காயைப் பிறருக்கும் விற்றார்கள், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் பாண்டாத் தீவுகளின்மேல் படையெடுத்தது. கம்பெனியின் தலைமை ஆளுநர் கோயன் முன்னின்று நடத்தினார். மே 8-இல் 44 ஊர்த்தலைவர்களின் தலைகள் வெட்டப்பட்டன. ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணக்கிடப்படும் அத்தீவுகளில் எஞ்சியோர் ஓராயிரம் அளவினரே; மற்றவர்கள் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், தப்பியோடினர், அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டனர். ஒப்பந்தம் காக்கப்பட வேண்டும் என்று இலண்டனில் பேசிய வாதம், பாண்டாவில் வாளாக இறங்கியது.

பாரிஸ் முதல் ராஸ்டாக் வரை

பாரிசில் மன்னர் பதின்மூன்றாம் லூயி ஆண்டுக்கு 3,000 லிவர் உதவித்தொகை அறிவித்தார். அறிவித்தாரே ஒழிய, பணம் ஒழுங்காக வரவில்லை. வறுமையோடு வறுமையாக 1625-இல் போர், அமைதி ஆகியவற்றின் சட்டம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் எரிந்துகொண்டிருந்த காலம். போருக்கும் நெறி உண்டு, அரசர்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்று அந்நூல் நிறுவியது. அவரைச் சட்டத்தின் தந்தை என்று போற்ற வைத்தது இந்நூலே.

அதில் கடலைப் பற்றிய அவர் குரலும் சற்று இறங்கியிருந்தது. இருபுறமும் நிலத்தை உடையவன் நடுவிலுள்ள வளைகுடாவையும் நீரிணையையும் கைக்கொள்ள முடியும். கரையிலிருந்து அடக்கி ஆளக்கூடிய அளவு நீர்ப்பரப்பில் கரை நாட்டுக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். 26 வயதில் ஒரு கட்சிக்காகப் பேசியதையும் 42 வயதில் நாடிழந்து நின்று எழுதியதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுக் குரோஷியஸ் கிடைப்பார்.

1635-இல் ஆங்கில அறிஞர் ஜான் செல்டன், மூடிய கடல் என்ற பொருள்படும் மாரே கிளௌசும் என்னும் நூலை வெளியிட்டார். கடலும் நிலத்தைப் போல் சொந்தமாகக் கூடியதே, பிரிட்டனைச் சூழ்ந்த கடல் பிரிட்டிஷ் மன்னருடையதே என்பது அதன் முடிபு. உலகம் குரோஷியஸின் பதிலை எதிர்பார்த்தது. அவர் எழுதவில்லை. அப்போது அவர் பாரிசில் சுவீடன் நாட்டின் தூதர். சுவீடனோ பால்டிக் கடலில் தன் ஆதிக்கத்தை நிறுவ முயன்ற நாடு. சம்பளம் கொடுப்பவர் மாறினால் பேனாவின் சுதந்தரமும் மாறுகிறது.

1645-இல் அத்தூதர் பதவியும் போயிற்று. ஸ்டாக்ஹோம் சென்று அரசி கிறிஸ்டினாவிடம் விடைபெற்றுக் கப்பலேறினார். புயலில் சிக்கிய கப்பல் பொமரேனியாக் கரையில் ஒதுங்கியது. மழையில் நனைந்து வண்டியில் பயணம் செய்து ராஸ்டாக் நகரை அடைந்தபோது உடல் முற்றிலும் தளர்ந்திருந்தது. ஆகஸ்ட் 28-இல் அங்கே உயிர் பிரிந்தது. வயது 62. உயிரோடு இருந்தவரை இடம் தராத தாயகம், உடலை ஏற்றுக்கொண்டது. டெல்ஃப்ட் நகரின் புதிய தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தந்தை ஜான் டி குரூட்டும் ஸ்டீவினும் ஈயக் குண்டுகளை விழவிட்டது அத்தேவாலயக் கோபுரத்திலிருந்துதான் என்று சொல்லப்படுகிறது.

கடல் வழக்கு அவருக்குப் பின்னும் நடந்தது. 1702-இல் டச்சு நீதிபதி பிங்கர்ஷூக், பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையே கரை நாட்டின் உரிமை என்று ஓர் அளவுகோல் தந்தார். அது பின்னர் மூன்று மைல் என்று ஆயிற்று. 1945-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கரையை ஒட்டிய கடலடி வளத்துக்கு உரிமை கோரினார். மற்ற நாடுகளும் தொடர்ந்தன. இந்தியா 1976-இல் தனிச் சட்டம் இயற்றி 12 மைலையும் 200 மைலையும் தனதாக்கியது. ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை 1982 டிசம்பர் 10-இல் ஜமைக்காவில் கையெழுத்தாகி 1994 நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கரையோரம் செல்டனுக்கும் வெல்வட்டுக்கும், பெருங்கடல் குரோஷியஸுக்கும் பங்காகக் கிடைத்திருக்கின்றன.

மாரே லிபெரும் ஒரு கம்பெனிக்காக எழுதிய வழக்குரையின் ஒரு துண்டு என்பது நெடுங்காலம் உலகுக்குத் தெரியாமலே இருந்தது. 1864-இல் குரோஷியஸின் வழித்தோன்றல்கள் பழைய காகிதக் கட்டுகளை ஹேக் நகரில் ஏலத்துக்கு விட்டனர். லைடன் பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. பிரித்துப் பார்த்தபோது சாண்டா கேத்தரினா வழக்குக்காக 21 வயதில் எழுதத் தொடங்கிய அந்தப் பெருநூலின் கையெழுத்துப் படி உள்ளே இருந்தது. அதன் பன்னிரண்டாம் அத்தியாயமே உலகப் புகழ்பெற்ற சிறுநூல் என்பதும் தெரிந்தது. 1868-இல் அது முழுமையாக அச்சாயிற்று. எழுதி முடித்து இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.